நூறில் நான்கு

நாற்பதில் ஒன்றுமில்லை.
அறுபதில் போகும்போது பிரேக்கைத் தொட்டால்
ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கும்,
குளிர்காய்ச்சல்காரனின் கையைப் பிடித்ததுபோல.
காலை எடுத்தால் நிற்கும்.
வைத்தால் மறுபடி.

டயரைக் குற்றம் சொன்னேன்.
பிறகு ரோட்டை.
பிறகு வீல் பேலன்ஸ் பார்த்த கம்பளைக்காரனை,
இரண்டாயிரம் வாங்கினானே, அவனை.

புசல்லாவை கராஜில் இக்ராம்
என்னைவிடப் பத்து வயது இளையவன், பேச்சு குறைவு.
பக்கத்தில் ஏறி உட்கார்ந்து "ஓட்டுங்க" என்றான்.
சரிவில் இரண்டு தரம் பிடிக்கச் சொன்னான்.
"சீட்டுல ஆட்டம் இல்ல, கையிலதான்.
அப்ப பின்னுக்கு இல்ல. முன்னுக்கு."
மழை தூறியது.
வைப்பர் கீச்சிட்டதைப் பற்றி
அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சக்கரம் கழன்றது.
ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தான்;
துணுக்குத் துரு இருந்தாலும்
டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து பொய் சொல்லுமாம்.
நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவாய் இறுக்கி
காந்தக் காலுள்ள ஒரு கடிகாரத்தை நிறுத்தினான்.
அதன் நுனி இரும்பைத் தொட
விரலால் மெல்லச் சுற்றினான்.
முள் அசையவே இல்லை என்றுதான் சொல்வேன்.
"வளைவு இல்ல."
என் நிம்மதி அரை நிமிடம் நீடித்தது.

பிறகு மைக்ரோமீட்டர்.
எட்டு இடத்தில் கடித்துப் பார்த்தான்.
ஏழில் ஒரே கனம்.
எட்டாவதில் நூறில் நான்கு மில்லிமீட்டர் கூட,
தலைமயிரைப் பாதியாய்ப் பிளந்தால் வரும் கனம்.
வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினான்:
நீலம் பாரித்த இரும்பில்
பேட்டின் உருவம் அப்படியே,
ஈரச் சுவரில் சாய்ந்தவனின் முதுகு பதிந்ததுபோல.

"இறக்கத்துல நல்லாக் காய்ஞ்சிருக்கு.
அந்தச் சூட்டோட எங்கயோ நிப்பாட்டி
கால எடுக்காம அமத்திக்கிட்டு இருந்திருக்கீங்க.
ரொம்ப நேரம்."

எங்கே என்று எனக்குத் தெரியும்.

றம்பொடைக்கு மேலே, மண் சரிந்த அன்று.
நுவரெலியாவிலிருந்து முடக்குக்கு முடக்கு
பிரேக்கிலேயே இறங்கி வந்திருந்தேன்.
கியரைக் குறைக்கச் சொன்னான் பரஞ்சோதி,
அவன் சொன்னதால் குறைக்கவில்லை.
முன்னால் லீக்ஸ் ஏற்றிய லொறி நின்றது. எல்லாம் நின்றது.
சக்கரத்திலிருந்து கருகல் வாடை.
பரஞ்சோதி என் மனைவியின் தம்பி.
அவன் அப்பாவின் சேமலாப நிதிப் பணத்தில்
வாங்கிய கார் இது என்பதை
அன்றுதான் முதன்முதலாய் வாய்விட்டுச் சொன்னான்.
திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.
எவ்வளவு என்றான். சொன்னேன்.
மீதி என்றான்.
பெக்கோ மண்ணை அள்ளி அள்ளிப் பள்ளத்தில் கொட்டியது.
"ஹேண்ட் பிரேக்கப் போடுங்க மச்சான், கால் வலிக்கும்,"
என்றான் நடுவில், சண்டையை மறந்த ஒரு குரலில்.
போடவில்லை.
இருபது நிமிடம்
மிதித்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"ஹேண்ட் பிரேக் வயர் லூசு," என்றேன் இக்ராமிடம்.

அவன் கதவைத் திறந்து, குனிந்து, இழுத்துப் பார்த்தான்.
ஐந்தாவது சொடுக்கில் கல்லாய்ப் பிடித்தது.
ஒன்றும் சொல்லாமல் விடுவித்தான்.
டிஸ்க்கைக் கடைய கம்பளைக்கு அனுப்ப வேண்டும்,
இரண்டையும் சோடியாய்த்தான் கடைய வேண்டும்,
ஒன்றை மட்டும் சரிசெய்தால்
வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்றான்.

வியாழக்கிழமை எடுக்கப் போனேன்.
முதல் முப்பது பிடி மெதுவாய்ப் பிடியுங்கள்,
முழுசாய் நிறுத்தாதீர்கள், ஆறவிடுங்கள் என்று
துணியில் கை துடைத்தபடி சொன்னான்.
தாள்களை எண்ணிக் கொடுக்கையில்
"மீதி" என்று என் வாய் தானாய்ச் சொல்லிற்று.
சில்லறை கேட்கிறேன் என்று நினைத்து
இக்ராம்
மேசை இழுப்பறையைத் திறந்தான்.