முதல் கட்டம்

இரவு பன்னிரண்டுக்குள்
வரிசைப்படுத்தி அனுப்பவேண்டும்.
முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என
இருபது கட்டங்கள்.
எனக்கு இரண்டே விருப்பம்தான்.
அதில் எது மேலே என்றுதான் மூன்று வாரமாக,
பல் விளக்கும்போதும்,
எனக்கும் எனக்கும் பேச்சு.

கலைக் கழகத்தில் வரைகலை.
வாக்கே பூங்கா பக்கம், பல்கலைக்கழகத்தில் விளம்பரத் துறை.
முன்னதற்குக் கரிக்கோல் தேர்வு உண்டு:
ஒரு மாதுளை, ஒரு செம்புக் கூஜா, மடித்த துணி.
என் மாதுளைகள் எப்போதும்
கொஞ்சம் உருளைக்கிழங்கு.
பின்னதற்குக் கணக்குத் தேர்வு.
அதில் நான் உருளைக்கிழங்கைவிடச் சற்று மேல்.

திபிலிசியில் மெட்ரோ முடிகிற இடத்தில்
ஸாவூரின் ரொட்டிக்கடை. காலையில் அங்கே வேலை எனக்கு.
மார்ச்சில் அவருக்கு ஒரு பலகை செய்துகொடுத்தேன்.
எங்கள் எழுத்துகள் எல்லாம் வளைவு;
முப்பத்துமூன்றிலும் தேடினால்
நேர்கோடு சிக்குவது கஷ்டம்.
மெலிந்த கோட்டில், ஆவி எழுவதுபோல்,
'சூடான ரொட்டி' என்று வளைத்து வளைத்து எழுதினேன்.
நான்கு இரவு.
தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால்
கொடியில் காயும் நூல்.
ஒருவரும் நிமிரவில்லை.

ஐந்தாம் நாள் ஸாவூர் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து
தடித்த பேனாவால் 'சூடு' என்று எழுதினார்.
அவ்வளவுதான். அதுவும் கோணல்.
பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் திரும்பினார்கள்.

அன்று அழுதேன் என்பது உண்மை.
அழுதுகொண்டே எண்ணினேன் என்பதும்:
ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் நாற்பத்தோரு பேர்.
என் பலகைக்குப் பதினாறு.
பலகையை அவர் கழற்றவில்லை.
அட்டையை அதன்மேலேயே ஒட்டிவிட்டார்.

"வரைகிறவர்களுக்குப் பட்டினி,
வரையச் சொல்கிறவர்களுக்குக் கார்"
என்கிறாள் தாம்தா, விளம்பரத் துறை, இரண்டாம் ஆண்டு.
அவளிடம் இன்னும் சைக்கிள்கூட இல்லை.

பதினோரு மணிக்கு இத்தாலியிலிருந்து அம்மா.
அவள் பார்த்துக்கொள்ளும் கிழவி தூங்கிய பிறகுதான்
அம்மாவுக்குக் குரல் வரும்.
"என்னதான் செய்வாய் நீ?
பால் டப்பாவில் மாடு போடுவாயா?"
மாடு எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதைக்கூட
யாரோ உட்கார்ந்து முடிவுசெய்திருப்பார்கள், என்றேன்.
சிரித்தாள்.
பிறகு கைபேசியைத் திருப்பி அலமாரியைக் காட்டினாள்.
இரண்டு மருந்துப் பெட்டிகள்.
அதே வெள்ளை, அதே நீலப் பட்டை.
காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று.
மாறிப்போனால் கிழவி எழுந்திருக்கமாட்டாள்.
ஒன்றைச் சுற்றி மட்டும் சிவப்பு நூல்.

"வந்த வாரமே கட்டினேன்.
விளக்கில்லாவிட்டாலும் விரலுக்குத் தெரியும்."

எனக்கு உடனே ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.
"இந்தப் பெட்டியைச் செய்தவன் எங்கே படித்தானோ
அங்கே மட்டும் சேராதே" என்றாள்.
அடுத்த மூச்சில், வருடத்துக்கு எவ்வளவு என்றாள்.
இரண்டுக்கும் சொன்னேன்.
வாய்க்குள் அவள் யூரோவாக மாற்றும் முணுமுணுப்பு
கேட்டது.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
முதல் கட்டத்தில் கலைக் கழகத்தின் எண்.
அழித்தேன். அந்தக் கோணல் 'சூடு' நினைவுக்கு வந்தது.
மற்றதைப் போட்டேன். நூல் நினைவுக்கு வந்தது.
நூல் எந்தத் துறை?
மறுபடி அழித்து, பழைய எண்ணையே போட்டேன்.
மாதுளையை யாராவது சொல்லித்தரட்டும்.
நாற்பத்தொன்று வரை எண்ண
யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

'அனுப்பு' என்ற பொத்தான்
வெளிர்ச் சாம்பல், அதில் எழுத்தும் வெளிர்ச் சாம்பல்.
அழுத்தலாமா கூடாதா என்று
அதற்கே தெரியாத நிறம்.
அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.
மறுபடி அழுத்தினேன்.
ஒருவேளை இரண்டு முறை சேர்ந்திருப்பேன்.
ஆறு மணிக்கு அடுப்பு மூட்டவேண்டும்.