வாலுள்ள புள்ளி

ப்ஷெரோவ் நகரத்துப் பல் கூடத்தில்
முப்பத்தோரு வருஷமாக
அடுத்தவர் வாய்க்குப் பொருந்தும்படி
பீங்கான் சீவுகிறவள் லிபுஷே.
அரைக் கடுகளவு திருகாணி
அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

ஸ்லைடின் மேல்மூடியைக் கழற்றினாள்.
பள்ளத்தில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.
மரைக்கு நீலப் பசை, ஒரு துளி.
முறுக்குச் சாவி டக்கென்றதும் நிறுத்தினாள்.
இன்னும் கால் சுற்று என்று கை கேட்டது.
கொடுக்கவில்லை.
திருகுத் தலைக்கும் தகட்டுக்கும் குறுக்கே
நகச்சாயத்தில் ஒரு கோடு:
தளர்ந்தால் கோடு உடையும், காட்டிக்கொடுக்கும்.
இரவு முழுக்கக் காயட்டும்.

பழைய குறிமுள்ளில் வெண்புள்ளி மூன்று,
முன்னே ஒன்று, பின்னே இரண்டு,
ஆய்த எழுத்தை வரிசையில் நிறுத்தியது போல.
ஐம்பத்தேழு வயதுக் கண்ணுக்கு
மூன்றும் கரைந்து
பால் சிந்திய மேசையாகி ரொம்ப நாளாயிற்று.

இனி ஒன்றே ஒன்று. சிவப்பு.
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் கழன்று மெய் நிற்கும் என்போம் நாம்.
லிபுஷேக்குத் தமிழ் தெரியாது.
அவள் சுடுவதும் இரும்புத் தட்டுகளைத்தான்.

முதல் வாரம் புள்ளியே அகப்படவில்லை.
அலமாரிக் கதவில் ஒட்டிய தபால்தலைக்கு நேரே
காலித் துப்பாக்கியை உயர்த்துவாள்.
கண்ணாடியில் ஒன்றும் இருக்காது,
குடியிருப்பவர் காலி செய்துபோன ஜன்னல்.
"மூக்கு மேலே தூக்குது"
என்றான் ஓத்மார், கண்ணாடியை விற்றவன், தொலைபேசியில்.
"யார் மூக்கு?"
"குழலோட மூக்கு."
மணிக்கட்டை ஒரு நூல் சாய்த்தாள்.
எட்டிப் பார்த்தது, போனது.
இருநூறாவது தடவையா, முந்நூறா,
கை உயர்வதற்கு முன்பே வந்து காத்திருந்தது.

வந்ததும் நிற்கிறதா?
நாடி அடிக்க அடிக்க எட்டுப் போடுகிறது.
முள் இருந்த காலத்திலும்
இந்தக் கை இப்படித்தான் ஆடியிருக்கும்.
சொல்லத்தான் ஆளில்லை.

நவம்பர். சுண்ணாம்புக்கல் குவாரி. மூச்சு வெள்ளையாகப் போகிறது.
இருபத்தைந்து மீட்டரில் ஐந்து குண்டு,
கீழே, இடப்பக்கம், ஒரு காப்பித் தட்டுக்குள் அடங்கும் கூட்டம்.
மேலே ஒன்பது சொடுக்கு, வலப்பக்கம் நான்கு.
அடுத்த ஐந்தும் நடுவில்.
கூட்டம் மட்டும் அதே காப்பித் தட்டு:
திருகுக்குக் கேட்டது இடம்தான்.

"ஓத்மார், இது பழுது.
புள்ளிக்கு வால் முளைச்சிருக்கு, வால்மீன் மாதிரி.
மாத்திக் குடு."
அவன் பேசவில்லை.
அறையும் மேகசினும் காலி என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு
கண்ணாடிக்குப் பின்னால் கைபேசியை வைத்து
ஒரு படம் எடுத்து நீட்டினான்.
படத்தில் புள்ளி உருண்டை.
குன்றிமணி தோற்கும்.

வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தாள். வால் குட்டையாயிற்று.
புள்ளியை விட்டுத் தட்டைப் பார்த்தாள்,
புள்ளி அதுவாகத் தட்டின்மேல் போய் உட்கார்ந்தது.
ஐந்து தட்டு சாய்ந்தன.
ஆறாவதில் கண் பழைய முள்ளைத் தேடிப்போய்
குவாரிச் சுவரில் வெள்ளைத் தூசு எழுந்தது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட். இருட்டு.
பக்கத்து இருக்கையில் ஓத்மார் ரொட்டி பிரிக்கிறான்.
கம்பத்தில் இரண்டு சிவப்பு விளக்கு
மாறி மாறி அணைகிறது,
இரண்டும் இடப்பக்கம் கீழே வால் இழுத்தபடி.
முன்வண்டியின் பின்விளக்குக்கும் வால்.
பேக்கரிப் பலகைக்கும்.
விளக்கென்றால் அப்படித்தான் என்று
எட்டு வயதில் அவள் கிறிஸ்துமஸ் மரத்தை வரைந்தபோது
ஒவ்வொரு மெழுகுத்திரிக்கும் வால் வைத்திருந்தாள்.
டீச்சர் அழகு என்றார்.

"அந்த விளக்கு உனக்கு எப்படித் தெரியுது?"
ஓத்மார் மென்றுகொண்டே நிமிர்ந்தான்.
"எப்படின்னா? வட்டமா."

சரக்கு வண்டி வந்தது. நிலக்கரிப் பெட்டிகள்.
அவள் எண்ண ஆரம்பித்து
நாற்பதில் விட்டுவிட்டாள்.