முத்திரை இல்லாத பலகை

போலந்திலிருந்து வருகிறது என்கிறார்கள்,
எனக்குத் தெரிந்தது ஆணிதான்.
பெட்டிக்கு நாற்பத்தெட்டு.

சிப்காட்டில், பைரப்பாவின் யார்டில்,
இயந்திரம் இறங்கிய பெட்டிகளை
உடைத்து அடுக்குகிறேன்.
ஒவ்வொரு பலகையிலும் சுட்ட முத்திரை:
ஒரு கதிர், பக்கத்தில் சில எழுத்துகள்.
சூடு காட்டிய மரம்,
உள்ளே உயிர் எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தமாம்.
டீ ஆறுவதற்குள் சூப்பர்வைசர் சொல்லி முடித்தான்.

இந்தப் பலகையில் முத்திரை இல்லை.

வெளுத்த மரம். மோந்தால்
நம் பக்கத்து மரம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.
ஓரத்தில் ஓர் ஓட்டை,
ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு,
பாதி நிலா படுத்த மாதிரி.
மிளகு நுழையாது, கடுகு நுழையும்.
தட்டினேன். சலித்த ராகி மாவாகக் கொட்டியது.

வாரம் ஒரு கட்டு விறகு எங்களுக்கு.
அதோடு அதுவும் வந்தது,
ஷிப்டு வேனில், என் காலடியில், சூளகிரி வரைக்கும்.

ராத்திரி கேட்டது.
யாரோ பச்சரிசி மெல்வது போல.
எலி என்று மாதேசன் திரும்பிப் படுத்தான்.
எலி நின்று காது கொடுக்கும்.
இது நிற்கவே இல்லை.

ஞாயிறு காலை கட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.
கண்ணாடி வளையல் பச்சை.
விறகிலிருந்து
இவ்வளவு அழகாக ஒன்று வரலாமா
என்று நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்
சுவர் தாண்டிப் போய்விட்டது.

சுவருக்கு அப்பால் முனிரத்தினத்தின் குத்தகை,
முப்பத்தொரு பெங்களூரா.
போனில் சொன்னேன்.
மா தின்னுமா?
தெரியாது.
பேர் என்ன?
தெரியாது.
வேற என்னதான் தெரியும் உனக்கு?
பச்சை, என்றேன்.

மிச்சத்தை அன்றே அடுப்பில் வைத்தேன்.
சோறு வேகும்வரை வெடித்துக்கொண்டே இருந்தது.
சாம்பலில் தேடி
ஒரு கருகிய இறக்கையைத் தீப்பெட்டியில் போட்டு
வேளாண்மை அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன்.
அதிகாரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போயிருந்தார்.
பெரிசு பண்ணாதே கெம்பம்மா,
காண்ட்ராக்ட் போய்டும், என்றார் பைரப்பா.

தீப்பெட்டி இன்னும் மாடத்தில் இருக்கிறது,
மாதேசன் பீடி பற்றவைக்க எடுத்து
இரண்டு தடவை திட்டிவிட்டான்.

இப்போது சாயங்காலம் வேலை முடிந்து
சுவரேறிக் குதிக்கிறேன்.
போன் வெளிச்சத்தில் பட்டையைத் தடவுகிறேன்.
ஓட்டைகள் இருக்கின்றன, இல்லாமல் என்ன.
நம்மூர்ப் புழு போட்டது உருண்டை,
விரலே நுழையும்; அதைத் திட்டக்கூட வாய் வருகிறது,
பழகின சனியன்.
நான் தேடுவது பாதி நிலா.

இருபத்தேழாவது மரத்தில் சார்ஜ் தீர்ந்தது.
மிச்சம் நாலுக்கும்
காதுதான்.