காசிமேட்டில் மணல் இல்லை

பாரிமுனையிலிருந்து திருவொற்றியூருக்கு
ஒரு நாளைக்குப் பத்து நடை.
ஷேர் ஆட்டோவில் பாட்டு ஓடாவிட்டால்
கன்டெய்னர் லாரிகளைத்தான் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

அந்தப் பாட்டை ஆப் தானே போட்டது.
கல்மண்டபம் தாண்டும்போது
மீன்கூடையை மடியில் வைத்திருந்த அம்மா
"இன்னாபா, சோக்கா கீது" என்றாள்.
நன்றாகத்தான் இருந்தது.
அண்ணனைப் புதைத்துவிட்டு வந்தவன் பாடுகிற கானா.
எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான்,
மூலக்கொத்தளத்தில்.
டோல்கேட் சிக்னலில்
சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டாம் சரணம் வந்தது:
காசிமேட்டு மணலிலே நாம கட்டின வீடு.

எந்தக் காசிமேடு?
அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லில்
முட்டி பெயர்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.
வீடு கட்ட மணல் வேண்டுமென்றால்
லாரிக்குச் சொல்லணும்.

பாடகன் பெயரைத் தட்டினேன்.
பொங்கலுக்கு அப்புறம் முப்பத்தொரு ஆல்பம்.
கழுத்தில் கர்ச்சீப், பின்னால் சூரியன்,
டோலக் மேல் வைத்த கையில் ஆறு விரல்.
இருக்கக்கூடாதா என்ன?
எங்கள் தெரு கஜபதிக்கு இருக்கிறது.
ஆனால் கஜபதிக்கு
மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

மறுபடி கேட்டேன், மூச்சுக்காக மட்டும்.
வரிக்கும் வரிக்கும் நடுவில்
போட்டுத்தான் இருந்தார்கள்,
சாம்பாரில் பெருங்காயம் மாதிரி,
அளவாக.

மூன்று புள்ளியை அமுக்கி
இவர் வேண்டாம் என்றேன்.
மறுநாள் வேறு பெயரில் வந்தான், அதே தொண்டை.
ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டை கேட்டில்
ஒரு கூட்ஸ் போய் முடிவதற்குள்
ஒன்பது பேரை அனுப்பிவைத்தேன்.
கொசு அடிக்கிற வேலை.

அப்புறம்தான் தேசிங்கு ஞாபகம் வந்தது.
பகலில் வார்ஃபில் ஐஸ் உடைப்பான்.
அண்ணன் செத்த ராத்திரி அவன்தான் பாடினான்.
ஷாமியானாவுக்கு மேலே மழை. நடுவில் இருமினான்.
தாமோதரன் என்கிற பெயரைத்
தயாளன் என்று பாடிவிட்டான்.
அண்ணி அழுகையை நிறுத்தி
"தாமுடா, தாமு!" என்று கத்த,
பந்தல் மொத்தமும் சிரித்துவிட்டது.
அதற்கப்புறம் அவன் தாமு என்று எடுத்த குரலில்
பிணத்தைத் தூக்க வந்தவர்கள்
தூக்காமல் நின்றார்கள்.

ஆப்பில் தேடினேன், இருந்தான்.
மூன்றே மூன்று பாட்டு. கேட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
"ஆயிரம் பேர் கேட்டா ஒரு டீ வரும்னாங்கோ,
இன்னும் பாலே காயல அண்ணாத்த" என்றான்.

அவனுடைய ஜிபே அட்டையை வாங்கி
என்னுடையதற்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
பாட்டு பிடித்தால் இதில், சவாரிக்கு அதில்.
யார் படிக்கிறார்கள்?
முதல் வாரம் பாதிப் பேர் கூலியை அவனுக்குப் போட்டார்கள்.
ராத்திரி போன்:
"பதினஞ்சு ரூபா வந்துகீது,
பாட்டா, டோல்கேட்டா?"
வெச்சுக்கோ என்றேன்.
வீட்டில் வேறு கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

டோல்கேட்டில் துடைத்த கண்ணீரை
என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.
பாட்டு பொய். அது என்னுடையது.

நேற்று அந்த அம்மா மறுபடி ஏறினாள்.
"அந்த மணல் பாட்டு போடேன்."
"அது ஆள் இல்லம்மா."
"ஆள் இல்லாம எப்டிபா பாடும்?"
சொல்லத் தெரியாமல்
தேசிங்கைப் போட்டேன்.
அவன் வீட்டு சமையற்கட்டில் பதிந்த பாட்டு.
டேப்பு அடிக்குப் பின்னால் குக்கர் கத்தும்.
தண்டையார்பேட்டை வரை ஒன்றும் பேசாமல் வந்தவள்
கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்:

"மூணு விசில் ஆய்ச்சு.
அடுப்ப நிறுத்தச் சொல்லு அந்தப் புள்ளைய."