இணைப்பு மூன்று

நரிப்பாட்டு ஐஸ் ஆலைக்கு
எல்லாத் தாளும் சரியாக இருந்தன.
விலைப்புள்ளி மூன்று;
மூன்றிலும் கம்பிரசருக்கு ஒரே எழுத்துப்பிழை,
முத்திரை மட்டும் வேறு வேறு.
தணிக்கை பச்சை மையில் முடிந்திருந்தது.
ஆலைக்குள் வெள்ளாடு ஒன்று
குட்டி போட்டிருந்தது.

புகார்ப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.
சாவி சம்மாட்டி வீட்டிலிருந்து வந்தது.
உள்ளே இரண்டு பல்லி முட்டை.
"பாருங்க, ஒரு புகாருமில்ல" என்றார்
பொறியாளர் தவசிலிங்கம்.
பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டே,
"தேனெடுத்தவன் புறங்கைய நக்கத்தானே செய்வான்."
நக்கியவனை எனக்கும் தெரியும்.
ஏணியைப் பிடித்தவர்களை எழுத
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

அன்றிரவு கீழக்கரை விடுதியில்
படிவத்தின் முதுகில் வரைந்தேன்,
கரையை அல்ல, கடனை.

வத்தைக்காரனுக்கு வலை வாங்க முன்பணம் தந்தது
சம்மாட்டி இன்னாசிமுத்து.
அது அடையும்வரை நண்டு அவருக்கே,
அவர் வாயில் வரும் விலைக்கே.
சம்மாட்டிக்குக் கடனில் ஐஸ் இறக்குவது
ராமநாதபுரத்து லாரிக்காரர்.
தலைவர் தேர்தலில் நின்றபோது
அந்த லாரிகள்தான் ஓட்டுக்கு ஆள் ஏற்றின;
வாடகை இன்னும் பாக்கி.
தவசிலிங்கத்துக்கு மதுரைக்கு மாறுதல் வேண்டும்,
மகள் ப்ளஸ் டூ.
சிபாரிசுக் கடிதம் தலைவர் மேசையில்.

இழுத்து முடித்தபோது
தாளில் ஒரு வலை கிடந்தது.
ஆலை ஓடாததால் நட்டப்பட்ட எவரும்
அதில் வாய் திறக்கும் இடத்தில் இல்லை.
விவரப் பலகை வைக்கலாம், பெரிய எழுத்தில்.
இங்கே யாருக்கு விவரம் தெரியாது?
செம்புச் சுருள் இல்லையென்பது
அந்த ஆட்டுக்கே தெரியும்.

மறுநாள் நண்டு உடைக்கும் கொட்டகை.
கச்சான் காற்று மணலை வாரித்
தகரத்தில் எறிந்துகொண்டிருந்தது.
கிலோவுக்குக் கூலி.
ஐஸ் வராத நாளில் சதை நாறும்,
கம்பெனி திருப்பி அனுப்பும், கூலி போகும்.
"வாரத்துக்கு நாலு பெட்டி போகுது மேடம்,"
ஏஜென்ட் எட்வின் பல்லைக் கடித்தார்.
அவர் தராசு கிலோவுக்கு நாற்பது கிராம்
அவர் பக்கமே சாயும்.
நல்லவர் இல்லை.
ஆனால் லாரிக்காரரிடம் கடன்படாதவர்,
ஐஸ் இல்லாமல் தூக்கம் வராதவர்.
நல்லவரை நம்பி வந்த திட்டங்களை
நாலைந்து பார்த்துவிட்டது இந்தக் கரை.

தாளை விரித்தேன்.
நம்புராணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப்
பார்த்தாள், வெகுநேரம்.
"எல்லாரும் இருக்காக. ஒங்களக் காணோமே?"

நாங்க பணம் குடுத்தவுக, என்றேன்.

"மார்ச்சு முப்பத்தொண்ணுக்குள்ள செலவாகணும்னு
மிசினு வரமுன்னமே தெறப்பு விழா வச்சது யாரு?
சேல மாத்திட்டு வந்து கைதட்டுனோம்.
போட்டோ புடிச்சீக."

பேனாவை வாங்கித் தாளின் உச்சியில்
ஒரு வட்டம் போட்டாள்.
தலைவர்வரை ஒரு கோடு, நடுங்காமல்.
எங்கள் வருகைப் பதிவேட்டில்
கைநாட்டு வைத்திருந்த கை அது.

அறிக்கையில் எழுதினேன்:
சாவி கொட்டகைப் பெண்களிடம்.
மின்கட்டணம் எட்வின் கம்பெனிக்கு.
முப்பது நாள் ஐஸ் இறங்கிய பிறகே
கடைசித் தவணை.
எட்வினை நம்ப வேண்டாம், அவருடைய அவசரத்தை நம்பலாம்;
ஆகவே கொட்டகையில் இரண்டாவது தராசு.

தலைமை அலுவலகம்
'அரசியல்' என்பதை அடித்து
'உள்ளூர்ச் சூழல்' என்றது.
இரண்டு நாள் நேர்மைப் பயிற்சி, மதிய உணவுடன்,
சேர்த்துக்கொண்டது.
தராசை எப்படியோ விட்டுவைத்தது.
வரைபடம் இணைப்பு மூன்று ஆயிற்று.
உச்சியிலிருந்த வட்டம்
ஸ்கேனில் விழவில்லையாம்.

ஆடி கடைசியில் நம்புராணி போன் செய்தாள்.
ஆலை ஓடுது, ஒரு வேளை மட்டும்.
லாரி இன்னும் வருது, பாதி ரோட்டுல நிக்குது.
ஆட்டுக்குத்தான் எடமில்ல.

தராசு?

"நாப்பது
இப்ப இருபது."