விட்டுவைத்த மரம்

விசெக்தா ஆற்றுக்கு வடக்கே
நூற்று நாற்பத்தேழாம் வெட்டுப்பகுதி.
முழங்கால்வரை பனி.
காய்ந்த ஆஸ்பென் ஒன்றைச் சுற்றி
நால்வர் நிற்கிறோம்.

பட்டை உரிந்துவிட்டது. ஆள் எட்டாத உயரத்தில்
மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்து.
இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்:
அடியில், பனிமேல்,
அரிசிமணி அரிசிமணியாய் மஞ்சள் புழுக்கை.
பறக்கும் அணில் என்கிறான் கப்பித்தோன், குனியாமலே.

எங்கள் விதி சொல்கிறது: வெட்டு.
காய்ந்ததை விட்டுப்போனால் அபராதம்.
பழைய வாக்கியம்; தாள் மட்டும் புதிது.
ரைன் கரையில் எழுதிய கையேடு சொல்கிறது: விடு.
ஹெக்டேருக்கு இத்தனை, பருத்ததாகப் பார்த்து.
முத்திரை இல்லாத பலகையை
ரோட்டர்டாமில் எவனும் இறக்கமாட்டான்.

"ஒரே மருமகள், இரண்டு மாமியார்"
கப்பித்தோன் சிரிக்கிறான்.
வெட்டுக்குழு அவனுடையது.
ரம்பமும் அவனுடையது.

அந்தக் கையேட்டை இந்த நாட்டுக்குப் பொருத்த
சிக்திவ்காரில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்தோம்.
கோமி மொழியில் மதிப்புக்கும் விலைக்கும் ஒரே சொல்.
"உங்கள் காட்டின் உயர்ந்த மதிப்புகள் யாவை?"
படித்துக் காட்டினேன்.
"யார் வாங்கப்போகிறார்கள்?" என்றது ஊர்.

வழக்குரிமை உண்டா? ஆம். இல்லை.
கப்பித்தோனின் அப்பா
பைன் மரத்தில் கோடரியால் இட்ட குடும்பக்குறி,
மூன்று நேர்வெட்டு, ஒரு சாய்வெட்டு,
எந்தக் கட்டத்தில் அடங்கும்?
'இதர' என்று எழுதினோம்.
அடித்தோம்.
மறுபடி எழுதினோம்.

இன்று தணிக்கைக்கு வந்திருப்பவர் ஃப்ரீடருன்.
அவருக்கு எதிரே அபராதப் புத்தகத்தோடு ரோச்செவ்.
இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நான் வரைபடத்தை விரித்தேன்.
சதுப்பு நாற்பது மீட்டர் தள்றி இருந்தது.
சதுப்பில் வெட்டக் கூடாது: இதில் மட்டும்
இரண்டு மாமியாருக்கும் ஒரே பேச்சு.
பென்சிலை உள்ளங்கையில் ஊதிச் சூடாக்கி
கோட்டை இழுத்தேன், ஆஸ்பெனுக்கு இந்தப்புறம்வரை.

"இது சதுப்பா?" ஃப்ரீடருன்
காலால் தட்டிப் பார்த்தார். கல்.
"ஏப்ரலில் வந்து இதே இடத்தில் நில்லுங்கள்"
என்றான் கப்பித்தோன்.
ரோச்செவ் மூக்கைச் சிந்தினான்,
நீண்ட நேரம்.
அந்த நேரத்தில்தான் அவர் ✓ போட்டார்.

நான்கு வருடம் கழித்து எங்கள் விதி திருந்தியது:
காய்ந்த மரத்தை விடலாம், காரணம் எழுதி.
ஆஸ்பென் அதற்குள் காற்றில் விழுந்திருந்தது.

அரசு வரைபடத்தில் சதுப்பு மட்டும்
என் பென்சில் கோட்டிலேயே நிற்கிறது.
போன வாரம் தலைமையகத்திலிருந்து கடிதம்:
உங்கள் சதுப்பில்
பைன் இவ்வளவு நன்றாக வளர்வது எப்படி?
விளக்கம் தருக.