துளை இருப்பதால் நகை

தடைக்காலம் முடிய நான்கு நாள்.
தங்கச்சிமடம் கூட்டுறவு வங்கியில்
என் மேசையில் தொடங்கிய வரிசை
தெருவில் ஐஸ் வண்டிவரை நிற்கிறது.

மரிய இன்னாசியாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
கறுப்புக் கயிற்றில் ஒரு பொன்காசு.
அதில் ஒரு மனிதர்:
தலையில் கூம்புத் தொப்பி,
ஒரு கையில் ஆயன் கோல்,
மறு கையில் உருவிய வாள்.

"பங்குச் சாமி கண்ணாடி போட்டுப் பாத்துட்டாரு.
பனி பெய்யுற ஏதோ சீமையாம்.
அங்க ஆயரும் இவர்தான், ராசாவும் இவர்தான்.
பட்டம் கட்டுன அன்னைக்கு
விருந்துக்கு வந்தவுகளுக்கு மட்டும் குடுத்த காசாம்.
கடைக்குன்னு அடிச்சது இல்லையாம்."

"ஆயர் வரி வாங்குவாரா?" என்றேன்.
"செயிலே வச்சிருந்தாராம்."
கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்:
"அப்ப ரோந்துப் படகும் வச்சிருப்பாரு."

எப்படி வந்தது என்று நான் யாரையும் கேட்பதில்லை.
சங்கு குளித்த மாமனார் மணலில் எடுத்தது
என்றாள் அவளாகவே.
பின்னால் நின்ற நாத்தனார்
தொண்டையைச் செருமினாள்.

உரைத்தேன்.
கல்லில் விழுந்தது
இந்த மேசை அதிகம் பார்க்காத மஞ்சள்.
நாங்கள் தருவது இருபத்திரண்டு காரட்டுக்கு.
அதற்கு மேலுள்ள சுத்தத்துக்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தார்.
"நகைக்குத்தான் கடன்.
நாணயத்துக்குக் கொடுக்க விதியில்லை."
சொன்னது தன் காதிலேயே விழுந்தவர்போல்
மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

கியர்பாக்ஸ் பாம்பன் பட்டறையில் கிடக்கிறது.
பழைய டீசல் பாக்கி தீராமல் புது டீசல் இல்லை.
அவள் நகரவில்லை.

காசைத் திருப்பினேன்.
தொப்பியின் நுனியில்
யாரோ ஆணியடித்துப் போட்ட ஓட்டை.
ஓரமெல்லாம் பிசிறு,
கயிறு தேய்த்த பக்கம் மட்டும் மழமழப்பு.
எந்தப் பிள்ளையின் கழுத்திலோ
காய்ச்சலுக்கோ கண்ணேறுக்கோ
தொங்கியிருக்கிறார்,
வாளோடு.

எழுதினேன்:
தொங்கட்டான், ஒன்று. துளையுள்ளது.
கயிறு நீக்கி, ஓட்டையில் போனது போக
மூன்று கிராம் நானூறு மில்லி.

மேலாளர் கையெழுத்திட்டார்.
எந்த விருந்தாளியும் செலவழிக்காத காசு
அரை கியர்பாக்ஸ் ஆனது.
மீதி அரைக்கு
அவள் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

உறையில் போட்டு அரக்கு வைத்தேன்.
இருநூற்றுப் பதினேழாம் எண்.
கல்லில் அவர் கோடு ஈரம்போல் மின்னியது.
துடைக்க நேரமில்லை.
அடுத்தது நாத்தனாரின் மூக்குத்தி.
அந்தக் கோட்டின் மேலேயே உரைத்தேன்.